நல்ல நாள்

எங்கள் அலுவலகத்தில் ‘குட் டே’ என்றால் காற்று மிக மோசமாக இருக்கும் நாள். அப்படிச் சொல்ல ஆரம்பித்தவர் எங்கள் மேலாளர். நவம்பர் பிறந்துவிட்டால் காலையில் அவரிடமிருந்து செய்தி வரும்: குட் டே, வண்டியை எடுங்கள். முதல் குளிர்காலத்தில் அதற்கு எல்லாரும் சிரித்தோம். அடுத்த குளிர்காலத்தில் அது வெறும் வேலைச்சொல்லாகிவிட்டது.

நாங்கள் செய்வது ஹைட்ரஜன் கார் என்றதும் எல்லாரும் ஹைட்ரஜனைப் பற்றித்தான் கேட்பார்கள். வெடிக்குமா, எங்கே நிரப்புவது, என்ன விலை. என் வேலை அதில் இல்லை. தொட்டியிலிருந்து வரும் ஹைட்ரஜனும், வெளியிலிருந்து இழுக்கும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் எரிபொருள் செல்லுக்குள் சேர்ந்தால் மின்சாரம் வரும். பின்னால் குழாயில் தண்ணீர் சொட்டும். நான் அந்தக் காற்றைக் கவனித்துக்கொள்பவள். டெல்லிப் புகை உள்ளே போகப் போக செல் மந்தமாகிவிடும். ஃபில்டர் எவ்வளவு தாங்கும், செல் எவ்வளவு தாங்கும் என்று சொல்லாமல் இந்த ஊரில் ஒரு வண்டியைக்கூட விற்க முடியாது. அதைச் சொல்ல எங்களுக்குக் கெட்ட காற்று வேண்டும். அதற்கு இங்கே பஞ்சமே இல்லை.

ஊரிலிருக்கும் அத்தான், என் அக்கா வீட்டுக்காரர், ‘தண்ணி வண்டி எப்ப சந்தைக்கு வருது?’ என்று போனில் கேட்பார். குடிகாரனுக்குச் சொல்கிற பெயரை என் வண்டிக்கு வைத்ததில் அவருக்கு ஒரு சந்தோஷம். ரிங் ரோடு சிக்னலில் ஆட்டோக்காரர்கள் கண்ணாடியைத் தட்டி, தண்ணீர் ஒழுகுகிறது என்று கை காட்டுவார்கள். முதலில் இறங்காத குறையாக விளக்கிச் சொன்னேன். பிறகு ‘அச்சா பையா’, சரி அண்ணா, என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

வீடு டெல்லியிலேயே, துவாரகாவில், சொசைட்டி ஃபிளாட். கணவர் மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசர். மகள் இரண்டாம் வகுப்பு, இங்கேயே பிறந்தவள். ஹிந்தி அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. தமிழ் எங்கள் இருவர் வாயிலிருந்து பொறுக்கியதுதான். அவளுக்கு மூச்சிரைப்பு உண்டு. குளிர் ஆரம்பித்ததும் நெபுலைசர் அலமாரியிலிருந்து சாப்பாட்டு மேஜைக்கு வந்துவிடும். ஹோலி வரைக்கும் அங்கேதான் இருக்கும்.

எனக்கு வண்டி எடுக்கத் தோதான நாட்களில்தான் அவள் பள்ளிக்கூடத்தை மூடுவார்கள். காலையில் பால்கனிக் கதவருகே நின்று பார்ப்பேன். எதிர் டவர் தெரியவில்லை என்றால், அலுவலகச் சொல்லைத் தமிழாக்கி, “இன்னிக்கு நல்ல நாள்” என்பேன். கணவர் மறுபேச்சு பேசாமல் லீவு சொல்லிவிட்டு மருந்தை எடுத்து நெபுலைசரில் ஊற்றுவார். மகள் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு கார்ட்டூன் பார்ப்பாள். நான் டிபன் பாக்ஸோடு இறங்கிவிடுவேன். மனசு பதறவில்லையா என்று கேட்டால், பதறவில்லை. குளிரில் விரல் மரத்துப்போவது மாதிரிதான் இருந்தது. கிள்ளினால் கிள்ளியது தெரியும், வலி தெரியாது.

டாக்டர் ஊரை மாற்றிப் பாருங்கள் என்று எப்போதோ சொல்லிவிட்டார். சென்னைக்கு மாற்றல் கேட்கலாம் என்று கணவரும் போன வருடமே சொன்னார். இந்த ஒரு குளிர்காலம் முடியட்டும் என்றவள் நான்தான். அது முடிந்தது, ஃபில்டரை மாற்றியமைத்தோம். மாற்றியமைத்ததைச் சோதிக்க இன்னொரு குளிர்காலம் தேவைப்பட்டது. அதற்குள் விற்பனைப் பிரிவு ‘போகும் வழியெல்லாம் காற்றைச் சுத்தம் செய்யும் கார்’ என்று விளம்பர வாசகமே எழுதிவிட்டது. அது பொய்யில்லை. இழுத்த காற்றைச் சுத்தமாக்கித்தான் அது வெளியே விடும். என் மகள் அந்த வண்டிக்குப் பின்னாலேயே ஓடிக்கொண்டிருக்க முடியாது, அவ்வளவுதான்.

இரண்டாவது குளிர்காலத்தின் நடுவில், இந்த முறை மாற்றல் கேட்காவிட்டால் இனி எப்போது வாய்க்கும் என்று தெரியாது என்றார் கணவர். வண்டி அடுத்த வருடம் விற்பனைக்கு வந்துவிடும், அதுவரை நான் இருந்தாக வேண்டும் என்றேன். அவர் சண்டை போடவில்லை. போட்டிருந்தால்கூடத் தேவலை.

அந்த வாரம் அக்கா போன் பண்ணினாள். புது வீடு கட்டி முடித்திருந்தார்கள். மகள் மாஸ்க்கை அப்போதுதான் கழற்றியிருந்தாள்; அவளும் பேசட்டும் என்று போனை மேஜைமேல் ஸ்பீக்கரில் வைத்தேன்.

“நல்ல நாள் பாத்தாச்சு” என்றாள் அக்கா. “தையில கிரகப்பிரவேசம். பிள்ளையக் கூட்டிட்டு முன்னாடியே வந்துருங்க, என்ன?”

மகள் போன் பக்கம் குனிந்தாள். “பெரியம்மா, நல்ல நாள் வேண்டாம். நல்ல நாள்ல எனக்கு மூச்சு வராது. வேற நாள் வைங்க.”

“பிள்ளை என்ன சொல்லுதா?”

“அவளுக்குத் தமிழ் அவ்வளவா வராதுக்கா” என்றேன்.

அக்கா சிரித்தாள். வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள், வைத்துவிடாதே என்று சொல்லிவிட்டுப் போனாள். போனில் அவள் வீட்டு மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

பிள்ளையின் தமிழில் தப்பே இல்லை. அந்த வார்த்தை அவளுக்கு என் வாயைத் தவிர வேறெங்கிருந்தும் கிடைத்ததில்லை. ஜன்னல் வெள்ளையாகி, பள்ளிக்கூடம் மூடி, அம்மா கிளம்பிப் போய்விட்டால் அது நல்ல நாள். வெகு காலத்துக்குப் பிறகு எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது. வெட்கமாக இருந்தது.

சிங்க்கில் மாஸ்க்கைக் கழுவிக்கொண்டிருந்த கணவர் குழாயை மூடினார். என் பக்கம் திரும்பாமல், “எழுதிக் குடுத்துரட்டுமா?” என்றார்.

“குடுத்துருங்க.”

வண்டி என் கையைவிட்டுப் போகிறது என்று புரிந்தது. அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை.

என்ன எழுதிக் கொடுக்கப்போகிறார் என்று மகள் கேட்டாள். சென்னைக்குக் குடிபோகப் போகிறோம் என்றேன். அவள் கொஞ்சம் யோசித்தாள்.

“அங்க நல்ல நாள் வருமா அம்மா?”

வார்த்தையைத் திருத்தியிருக்கலாம். உட்காரவைத்து விளக்கியிருக்கலாம். ஆனால் அவள் கேட்டது வார்த்தையை அல்ல.

“வராது கண்ணு” என்றேன். “அங்க நல்ல நாளே வராது.”

“என்ன பேச்சுடி பேசுத? வாயக் கழுவு” என்று போனிலிருந்து அக்கா அதட்டினாள். மகள் கைதட்டிக்கொண்டிருந்தாள்.