யாரும் இல்லை என்று சொல்ல வேண்டிய வாசல்

ஈப்போவுக்கு வெளியே, ஆதரவற்றோர் விடுதியின் வாசலில் நிற்கிறேன். ரப்பர் மரத்தில் பால் வெட்டும் கத்தி கையில் நிற்காமல் நடுங்கத் தொடங்கியதும், தோட்டத்துத் துரை, தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் என் அறையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். கப்பலில் வந்து இறங்கிய நாள் முதல் இருந்த அறை. என் மகன் அதில்தான் பிறந்தான். அன்றைக்கும் இப்படித்தான் மழை. விடுதியில் ஒரே ஒரு பாய்தான் காலியாம். எனக்குப் பின்னால் இன்னொருவர் இருமிக்கொண்டு நிற்கிறார்.

மருந்து கொடுப்பதும் பெயர் எழுதுவதும் டிரசர்தான். புத்தகத்தைத் திறக்கிறார்.

"சொந்தம்னு யாரு இருக்கா, பெரியவரே?"

"மவன் இருக்கான்யா. தஞ்சோங் மாலிம் பக்கம் போனான். ரெண்டு வருசமா சேதி இல்ல."

"மவன் இருந்தா அங்க போங்கலா! இது என்ன மாமியா வீடா? யாரும் இல்லாதவங்களுக்குத்தான் எடம்."

பின்னால் நிற்பவர் ஓரடி முன்னே வருகிறார்.

உயிரோடு இருக்கும் பிள்ளையை இல்லை என்றால் அது பலித்துவிடும். எங்கள் லயத்தில் விளையாட்டுக்குக்கூட யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டுகிறேன்.

"வாயத் தொறந்து சொல்லுங்க."

"யாரும் இல்லய்யா."

எழுதிக்கொள்கிறார்.

சுவரோரம், நனையாத இடத்தில் பாய். உட்காருகிறேன். நாளைக்கே மகன் தேடி வந்து வாசலில் நின்றால், டிரசர் புத்தகத்தைப் பார்ப்பார். "அந்தப் பெருசுக்கு யாரும் இல்லலா" என்று அவனைத் திருப்பி அனுப்பிவிடுவார்.