கொதிநீர் ஊற்றாத துப்பாக்கி

மூன்றாம் பாரத்தோடு படிப்பை விட்டவன் நான். லோரி, மீன் மார்க்கெட் என்று அலைந்து, நாற்பது வயதில் கிள்ளான் பக்கம் ஒரு துப்பாக்கி சுடும் கிளப்பில் சேர்ந்தேன். உறுப்பினர்கள் சுட்டு முடித்த துப்பாக்கிகளைச் சுத்தம் செய்து பெட்டகத்தில் வைப்பது என் வேலை.

பிரிக்பீல்ட்ஸ் பல் டாக்டர் ஒருவர் போர்க்காலத்துப் பட்டாளத் துப்பாக்கி ஒன்றை லைசென்ஸோடு வைத்திருந்தார். "பழைய தோட்டாவுல உப்பு இருக்குண்ணே. முதல்ல கொதிக்கிற தண்ணி ஊத்தி அதைக் கரைச்சிருங்க, அப்புறம்தான் எண்ணெய்" என்பார். இரும்பில் தண்ணீரா? ஒருநாள் எண்ணெய் மட்டும் போட்டு வைத்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து வந்தவர், நோயாளியின் வாயைப் பார்ப்பதுபோல் விளக்கடித்துக் குழலுக்குள் பார்த்தார். முகம் வாடிவிட்டது. உள்ளே முழுக்கத் துரு.

"யாரு செஞ்சது?" என்று மேனேஜர் கத்தினார். அவர் பார்வை புதிதாகச் சேர்ந்த நேப்பாளிமேல் இருந்தது. வேலை போனால் அவன் ஊருக்கே திரும்ப வேண்டியதுதான். நான் வாயை மூடிக்கொண்டிருந்தாலே போதும். எனக்கோ முதல்முறையாக ஓர் இடம் பிடித்துப்போயிருந்தது.

"நான்தான் டாக்டர். தண்ணி ஊத்துனா துருப்பிடிச்சிரும்னு நெனச்சேன்."

டாக்டர் சிரித்துவிட்டார். "என் முதல் துப்பாக்கிய நானும் இப்படித்தான் கெடுத்தேன் லா. விடுங்க மேனேஜர். அண்ணே, போய்த் தண்ணி கொதிக்க வைங்க."

தேய்த்துத் தேய்த்துத் துருவை எடுத்தோம். சொத்தைப் பல்லில் இருப்பதுபோல் குழிகள் மட்டும் தங்கிவிட்டன. இன்றும் குறி தப்பினால், "உங்க சொத்தைதாண்ணே காரணம்!" என்பார். நான் சிரித்துக்கொண்டே கெட்டிலை எடுக்கிறேன். எந்த வேலையிலும் நான் இத்தனை நாள் தங்கியதில்லை.