பகலில் தூங்க ஒரு வீடு

நைட் டூட்டி பார்க்கிற நர்ஸ் வீடு கட்டினால் எல்லோரும் அவளிடம் வெளிச்சத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். அவளுக்கு வேண்டியதோ இருட்டு.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களே, கட்டி முடித்துவிட்டு இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பவர்களே, உங்களுக்கெல்லாம் சிமெண்ட் விலையும் ஆள் வராததும் பெரிய கவலையாக இருந்திருக்கும். எனக்குக் கவலை ஒன்றே ஒன்றுதான். பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை. மாதத்தில் பாதி ராத்திரி டூட்டி. ஊர் எழுந்திருக்கும்போது நான் படுக்கவேண்டும். கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீடுகளில் நான் பகலில் முழுசாகத் தூங்கியதே கிடையாது. ஒரு நாள் வார்டில் மருந்து பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன், லேபிளைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன், எழுத்து மனசில் ஏறவே இல்லை. கூட நின்ற சிஸ்டர் பாட்டிலை வாங்கிக்கொண்டாள். அன்றைக்குத்தான் நிஜமாகவே பயந்தேன். வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரரிடம், "நமக்குன்னு ஒரு வீடு வேணும். அதுல நான் பகல்ல தூங்கணும்" என்று சொன்னேன். அவர் கணக்கு வாத்தியார். கேள்வி தெளிவாக இருந்தால் விடை தேடக் கிளம்பிவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை பார்த்த மனை

பேட்டையைத் தாண்டி ஒரு மனை. முன்னால் தெரு, பக்கத்தில் வயல், கொஞ்சம் தள்ளி வாய்க்கால். நாங்கள் போனபோதெல்லாம் கொக்கு இறங்குகிற சத்தம்கூடக் கேட்கும்போல அத்தனை அமைதி. புரோக்கர் ஒவ்வொரு முறையும் ஞாயிற்றுக்கிழமைதான் கூட்டிக்கொண்டு போனார். பள்ளிக்கூடத்துக்கும் லீவு, நமக்கும் வசதி, மனுஷர் எவ்வளவு அனுசரணையாக இருக்கிறார் என்று நாங்கள் மெச்சிக்கொண்டோம். பத்திரமும் பதிந்தாகிவிட்டது.

எல்லைக்கல் ஊன்றுவதற்காக ஒரு திங்கட்கிழமை போனோம். பின்பக்கம் தகரக் கதவு போட்டிருந்த கொட்டகை திறந்திருந்தது. உள்ளே கிரில் பட்டறை. இரும்பை அறுக்கிற மிஷின் ஒருபக்கம் கத்துகிறது, சம்மட்டி ஒருபக்கம் விழுகிறது. என் வீட்டுக்காரர் ஏதோ சொன்னார், வாய் அசைந்தது மட்டும்தான் தெரிந்தது. பட்டறைக்காரர் எங்களைப் பார்த்ததும் மிஷினை நிறுத்திவிட்டு, கையைத் துடைத்தபடி சிரித்த முகத்தோடு வந்தார்.

"வாங்க வாங்க. ஞாயித்துக்கெழம மட்டுந்தான் நமக்கு லீவு. மத்த நாள் பூரா இங்கனதான் கெடப்போம். வீட்டைப் போட்டுட்டுப் போறோமேன்னு நீங்க ஒண்ணுக்கும் பயப்பட வேண்டாம்."

கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்

அதன்பிறகு இரண்டு நாள் வீட்டில் இதே பேச்சுதான். மனையை விற்றுவிடலாமா என்றுகூட யோசித்தோம். விற்றால் மறுபடி வாங்கத் தெம்பில்லை. கட்டித் தர ஒத்துக்கொண்டிருந்த காண்டிராக்டர் சுடலைமுத்து அண்ணாச்சி, "சத்தமெல்லாம் பழகிரும்மா" என்று ஆறுதல் சொன்னார். அவர் தாளில் கோடு போட்டுக் காட்டிய பிளானில் என் படுக்கையறையும் பட்டறையும் முதுகோடு முதுகாக இருந்தன. மருந்து பாட்டிலை வாங்கிக்கொண்ட அந்த சிஸ்டர்தான் ஆர்க்கிடெக்ட் எஸ்தர் மேடத்திடம் போகச் சொன்னாள்.

ஆர்க்கிடெக்ட் என்றால் பங்களா கட்டுகிறவர்களுக்கு என்பது எங்கள் வீட்டு எண்ணம். எஸ்தர் மேடம் என்னைவிடச் சின்னவர், ஸ்கூட்டரில் வருவார். போன் அடித்தால் எடுக்கவே மாட்டார். அவரிடம் நான் கண்ட குறை அது ஒன்றுதான், இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் கதையைக் கேட்டுவிட்டு, எத்தனை ரூம் வேண்டும், என்ன டைல்ஸ் வேண்டும் என்றெல்லாம் கேட்கவில்லை. "டூட்டி முடிஞ்சு எப்ப படுப்பீங்க? அப்ப நான் வீட்டுக்கு வருதேன். எனக்காக எந்திரிக்காதீங்க" என்றார்.

சொன்னபடி வந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்துவிட்டார். என் மாமியாருக்கு ஒன்றும் ஓடவில்லை. காபி கொடுத்தார், அதற்கப்புறம் தன் வேலையைப் பார்த்தார். குக்கர் விசில் அடித்தது. மிக்சி ஓடியது. காய்கறி ஆட்டோ மைக்கில் தக்காளி விலை சொல்லிக்கொண்டு போனது. சிலிண்டர்காரர் பெல்லை அழுத்தினார். அத்தை என் நாத்தனாருடன் போனில் பேசியது தெருவுக்கே கேட்டது. உச்சிவேளையில் முகம் வீங்கி நான் வெளியே வந்தபோது மேடம் அதே நாற்காலியில் இருந்தார், அளக்கக் கொண்டுவந்த டேப்பைத் திறக்கக்கூட இல்லை. கிளம்பி வாசல்வரை போனவர் திரும்பி நின்று ஒன்று சொன்னார். இத்தனை வருஷத்தில் யாரும் என்னிடம் அதைச் சொன்னதில்லை, கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"நீங்க தூங்கலக்கா. படுத்திருந்தீங்க."

தம்ளர் தண்ணீர்

எஸ்தர் மேடம் அடுத்து அனுப்பியது ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் சங்கரன் சாரை. பேசினால் வாயில் இருக்கிற முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல இருப்பார். மண்ணைத் துளைபோட்டு எடுத்துச் சோதித்துவிட்டு, அண்ணாச்சி சொன்னதைவிட ஆழமாக அஸ்திவாரம் போகவேண்டும் என்றார். சாத்தான்குளத்தில் என் தம்பி இதில் பாதி ஆழத்தில் கட்டி, கல்லுப்போல நிற்கிற வீட்டை என் வீட்டுக்காரர் எடுத்துக்காட்டினார். "அது தேரி மண்ணு சார், செம்மணலு. இது வயக்காட்டுக் களி. வெயிலுக்கு வெடிக்கும், மழைக்கு ஊதும்" என்றதோடு சார் முடித்துக்கொண்டார்.

எனக்கு வேறு சந்தேகம். சம்மட்டி அடிக்கிற அதிர்வு தரை வழியாக வந்து கட்டிலை ஆட்டுமா என்று கேட்டேன். வேறு யாராவது என்றால் சிரித்திருப்பார்கள். சார் நேரே பட்டறைக்குப் போய் ஒரு தம்ளர் நிறையத் தண்ணீர் வாங்கிவந்து எங்கள் எல்லைக்கல்மேல் வைத்தார். பட்டறைக்காரரிடம் ஓங்கி அடிக்கச் சொன்னார். அவர் அடித்தார். நானும் என் வீட்டுக்காரரும் சாரும் தம்ளரைச் சுற்றிக் குத்தவைத்து உட்கார்ந்து, தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தோம். தண்ணீர் அசையவில்லை. சார் எழுந்து, அதைக் குடித்துவிட்டு, அன்றைக்குப் பேசியதிலேயே நீளமான பேச்சைப் பேசினார்.

"சத்தம் காத்துலதான் வருது, தரையில வரல. காத்துல வாரதை எஸ்தர் அடைச்சிருவா. தரையில வந்திருந்தா மனையை வித்துருங்கன்னு சொல்லியிருப்பேன்."

சாஸ்திரத்தில் இல்லாத மருமகள்

மேடம் போட்ட பிளானில் பட்டறைப் பக்கம், அதாவது தெற்கே, மாடிப்படியும் சாமான் அறையும் பாத்ரூமும் வரிசையாக நின்றன. என் அறை வடமேற்கில். வெளிச்சுவர்களில் ஜன்னலே இல்லை. காற்றுக்காக உள்ளே சின்னதாக ஒரு முற்றம் விட்டு, அதைப் பார்க்க ஒரு ஜன்னல். அந்தத் தாளைப் பார்த்தபோதே எனக்குக் கொட்டாவி வந்தது.

என் மாமியாருக்குத்தான் மனசு ஒப்பவில்லை. குடும்பத்துக்குப் பெரியவன் தென்மேற்கில்தான் படுக்கவேண்டும் என்று வாஸ்து பார்க்க முக்கூடலிலிருந்து ஒருவரை மனைக்கே வரவழைத்துவிட்டார். நாற்பது வயதுக்காரர், கையில் திசை காட்டுகிற போன். தென்மேற்கு என்றால் பட்டறையின் மடியில் போய்ப் படுப்பது. இன்றைக்கு ஒரு சண்டை இருக்கிறது என்று நான் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றேன். எஸ்தர் மேடம் சண்டைக்கே போகவில்லை. பிளானை அவர் முன்னால் விரித்து, "இந்த வீட்டுல ஒருத்தங்க பகல்லதான் தூங்குவாங்க. அவங்களுக்கு எங்க இடம் கொடுக்கலாம், நீங்களே சொல்லுங்க" என்றார். வாஸ்துக்காரர் பிளானைப் பார்த்தார், பட்டறையைப் பார்த்தார், என் கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பைப் பார்த்தார். என் மாமியார் பக்கம் திரும்பினார்.

"சாஸ்திரம் ராத்திரி தூங்குதவங்களுக்குச் சொன்னது ஆச்சி. பகல்ல தூங்குத மருமகளைப் பத்தி அதுல ஒண்ணும் சொல்லல. சொல்லாததுக்கு நாம தடை போட முடியாது."

அண்ணாச்சி விட்ட ஜன்னல்

சுவர் தலைக்குமேல் எழும்பியிருந்த நேரம். டூட்டி முடிந்து நேரே மனைக்குப் போனேன். தூரத்திலிருந்தே தெரிந்துவிட்டது. என் அறையின் மேற்குச் சுவரில் ஒரு ஆள் நுழைகிற அளவுக்குப் பெரிய ஓட்டை. சுடலைமுத்து அண்ணாச்சி கல்யாணப் பரிசு கொடுப்பவர்போல நின்றார். வெளியே பார்க்க ஜன்னல் வைக்க மேடம் மறந்துவிட்டார் என்று நினைத்து, தன் பொறுப்பில், தன் கைக்காசில் விட்டாராம். அவ்வளவு பிரியத்தோடு செய்தவரை எப்படித் திட்டுவது? எஸ்தர் மேடத்துக்குப் போன் போட்டேன். வழக்கம்போல எடுக்கவில்லை. ஆனால் மிஸ்டு காலைப் பார்த்துவிட்டு வந்து நின்றார்.

குரலை உயர்த்தவே இல்லை. "அண்ணாச்சி, கொஞ்சம் இங்கன படுங்களேன்" என்றார். அண்ணாச்சி விளையாட்டு என்று நினைத்தார். வேலையாட்கள் சிரித்தபடி சிமெண்ட் சாக்கை விரித்தார்கள். துண்டைத் தலைக்கு வைத்துப் படுத்தார். "கண்ணை மூடுங்க. ராத்திரி பூரா வேலை பாத்துட்டு வந்திருக்கீங்கன்னு நினைச்சுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு மேடம் ஒரு பெயிண்ட் டப்பாவில் உட்கார்ந்துகொண்டார். பின்பக்கம் மிஷின் கிளம்பியது. சத்தம் சந்து வழியாகச் சுற்றி அந்த ஓட்டைக்குள் வந்து விழுந்தது. அண்ணாச்சி இந்தப் பக்கம் புரண்டார், அந்தப் பக்கம் புரண்டார், துண்டை எடுத்துக் காதில் சுற்றினார், கடைசியில் எழுந்து உட்கார்ந்தார். சத்தம் பழகிவிடும் என்று என்னிடம் சொன்ன அதே வாய்தான்.

"அடைச்சிருதேன் மேடம். இதுல மனுசன் தூங்கவா முடியும்? ஏலே, கல்லை எடுங்கலே."

பால் காய்ச்சிய அன்று

கிரகப்பிரவேசம் வெள்ளிக்கிழமை. முதல் நாள் ராத்திரி வேலையை முடித்துக் கொடுத்தால்தான் லீவு என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். காலையில் டூட்டியை முடித்து அப்படியே வந்து, பட்டுச்சேலை கட்டிப் பால் காய்ச்சினேன். உறவுக்காரர்கள் வீட்டைச் சுற்றிப்பார்த்து, பார்த்த கையோடு குறையும் சொன்னார்கள். நாத்தனார் என் அறைக்குள் தலையை நீட்டி, "என்ன இது, குகை மாதிரி இருக்கு" என்றாள். பட்டறைக்காரர் குளித்து வெள்ளைச் சட்டையில் வந்தார். எங்கள் வாசல் கேட்டும் அவர் செய்ததுதான். விசேஷ வீடாயிற்றே, இன்றைக்குப் பட்டறையை மூடிவிடுகிறேன் என்றார். எஸ்தர் மேடம் குறுக்கே வந்து, "வேண்டாம் அண்ணாச்சி, இன்னைக்குக் கட்டாயம் ஓட்டுங்க. கொஞ்சம் பலமாவே ஓட்டுங்க" என்றார். கட்டி முடித்தாகிவிட்டது, இனிமேல் மாற்ற ஒன்றுமில்லை. தூக்கம் வராவிட்டால் ஆயுசுக்கும் இதே பட்டறைதான், இதே கண்கள்தான்.

சேலையில் பால் சிந்தியிருந்தது. மாற்றலாம் என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். புதுத் தலையணை எப்படி இருக்கிறது என்று பார்க்கத் தலையை வைத்தேன். அவ்வளவுதான் நினைவிருக்கிறது. விழித்தபோது பகலா ராத்திரியா தெரியவில்லை. கதவைத் திறந்தேன். கூடத்தில் சாய்ந்த வெயில். வந்தவர்கள் சொதிச் சாப்பாடு சாப்பிட்டு, தாம்பூலம் வாங்கிக்கொண்டு, போயே விட்டார்கள். பின்பக்கம் மிஷின் காதைக் கிழித்துக்கொண்டிருந்தது. காலையிலிருந்தே ஓடுகிறதாம். என் மாமியார் என் கதவுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எழுப்ப வந்தவர்களையெல்லாம் கையைக் காட்டியே விரட்டியிருக்கிறார். நாத்தனாரையும் சேர்த்து. அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்புறம்தான் கவனித்தேன். கூடத்தின் மூலையில் எஸ்தர் மேடம், அன்றைக்குப் போலவே பையை மடியில் வைத்துக்கொண்டு, இன்னும் கிளம்பாமல் உட்கார்ந்திருந்தார். என் முகத்தை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னைக்குத் தூங்கினீங்கக்கா."

எங்கள் கிரகப்பிரவேச விருந்தில் கை நனைக்காத ஒரே ஆள் நான்தான், வீட்டைப் பற்றி ஒரு குறையும் சொல்லாத ஒரே ஆளும் நான்தான்.