அடி மீனுக்கு எத்தனை குளிசை

நான் இருந்தேன். எனக்குப் பக்கத்தில் இருமிக்கொண்டு ஒரு ஐயா. அவருக்கு அடுத்ததாகக் கால் வீங்கிய ஒரு மனுசி. மடியில் குழந்தையோடு ஒரு தாய். மேசையில் துண்டு எழுதுகிற பெட்டை. சுவரோரம் கண்ணாடித் தொட்டிக்குள் மீன்கள். டொக்டர் இன்னும் வரவில்லை. போன கிழமை, அச்சுவேலியில்.

பெட்டை எழும்பிப் போய் மீன் தீன் டப்பாவைத் திறந்தாள். மணம் என் கதிரை வரைக்கும் வந்தது. காய்ந்த றால் தூளும் மாவும் கலந்த மணம். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவள் தொட்டிக்குள் ஒரு தீன் குளிசையைப் போட்டாள். அது நேரே அடிக்குப் போய் மணலில் கிடந்தது. இன்னொன்று போட்டாள். குனிந்து பார்த்துவிட்டு மூன்றாவதை எடுத்தாள்.

“காணும் பிள்ளை, போதும்,” என்றேன்.

“இல்லை அன்ரி, உதுகள் அடியிலையே கிடக்குதுகள். ஒண்டும் கிடைக்கிறேல்லை, பாவம்.”

“பாவம் பாத்துப் போடாதை.”

உரத்துச் சொல்லிவிட்டேன் போல. எல்லாரும் திரும்பினார்கள். கால் வீங்கிய மனுசி தாயின் காதுக்குள், “உவவுக்குப் பிரசர் கூடிப்போச்சு,” என்றா. பிரசர் பார்க்கத்தான் போனேன். அது வேறு கதை.

அந்த மணத்துக்குள் நான் நாலு வருடம் வேலை செய்தவள். அரியாலையில், கடல்நீரேரிப் பக்கம், தயா அண்ணையின் வளவு. வீட்டுக்குப் பின்னால் சீமெந்துத் தொட்டிகள். அண்ணை அலங்கார மீன் வளர்த்து, மோட்டார்சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்க் கடைகளுக்குக் கொடுப்பார். தொட்டி பார்க்க இரண்டு பேர். காலையில் நான், நீர்வேலியிலிருந்து சைக்கிளில். பின்னேரம் றெஜினா அக்கா, குருநகரிலிருந்து. நான் வெளிக்கிட்ட பிறகுதான் அவ வருவா.

எங்களுடையது வாழைத் தோட்டக் குடும்பம். எனக்குத் தண்ணீர் தெரியும், எரு தெரியும். மீனைச் சட்டிக்குள்தான் தெரியும். செவ்வாய், வெள்ளியில் அதுவும் இல்லை. றெஜினா அக்காவின் தகப்பன் கடற்தொழிலாளி. அவவுக்கு எல்லா மீனும் தெரியும், ஆனால் பிடித்த மீன். ஒரு மீனுக்கும் சோறு போட்டுப் பழக்கமில்லை. இப்படி இரண்டு பேரைத்தான் அண்ணை வேலைக்கு வைத்தார்.

ஒருநாள் கொழும்பு பஸ்ஸில் அண்ணை நாற்பது மீன் கொண்டுவந்தார். காற்று அடைத்த பைகளில். விரல் அளவு, வாயில் மீசை. மேலே வராது. பகல் முழுக்கத் தொட்டியின் அடியில், ஓட்டுத் துண்டுகளுக்குக் கீழே கிடக்கும். நாங்கள் மீசைக்காரர் என்று பேர் வைத்தோம்.

“இது பெருகினால் நான் இஞ்சை,” என்றார் அண்ணை. “பெருகாட்டி வளவைப் பூட்டிப்போட்டு வத்தளைக்குப் போறன். மச்சான் தன்ரை கடைக்குக் கூப்பிட்டுக்கொண்டு நிக்கிறான்.”

அவர் பகிடிக்குச் சொல்லவில்லை. வளவு போனால் எங்கள் வேலையும் போகும். குளிசை அடிக்குத் தாழும் சாதி. அண்ணையின் கணக்கு காலமை மூன்று, பின்னேரம் மூன்று. கூடக் குறையப் போடக் கூடாது, ஓட்டைக் கிளப்பக் கூடாது, தண்ணீரைக் கலக்கக் கூடாது. கலக்கினால் முட்டை இடாதாம்.

நான் மூன்று போடுவேன். மூன்று போட்டுவிட்டு அங்காலே போக ஏலாது. நாற்பது வாய்க்கு மூன்று குளிசையா? எங்கள் வீட்டில் அரிசியைச் சுண்டால் அளந்து போட்ட பிறகு, கையால் ஒரு பிடி போடுவோம். ஆரும் வந்தால்? அந்தப் பிடி இல்லாமல் உலை மூடுவதில்லை. ஆறாம் வகுப்பு வரை படித்தேன், எண்ணத் தெரியும். ஆனால் கைக்கு எண்ணத் தெரியாது. கை இன்னும் இரண்டு போட்டுவிடும்.

டப்பா கெதியாக முடிந்தது. அண்ணை இருவரையும் நிறுத்தி வைத்துக் கேட்டார்.

“ஆர் பிள்ளையள் உதைத் தின்னுறது?”

“நான் திண்டிருந்தால் எனக்கு இப்ப மீசை முளைச்சிருக்கும் அண்ணை,” என்றா றெஜினா அக்கா.

“எலியாக்கும்,” என்றேன் நான்.

அண்ணை பொறி வைத்தார். அதில் ஒரு எலியும் விழுந்தது. அந்த எலிக்கு ஒன்றும் தெரியாது. அண்ணைக்குச் சமாதானமாயிற்று, எனக்கு இல்லை. என் இரண்டு குளிசைக்கு டப்பா அவ்வளவு கெதியாக முடியாது. அக்கா தன் கோழிகளுக்குக் கொண்டுபோகிறா என்று நினைத்தேன். என்னைப் பற்றி அவவும் எதையோ நினைத்திருக்கிறா. சந்தித்தால் கதை குறைந்தது.

ஒரு பின்னேரம் மறந்துபோன குடையை எடுக்கத் திரும்பி வந்தேன். அக்கா தொட்டியின் கட்டு விளிம்பில் நின்றா. மூன்று குளிசை போட்டா. சிலுவை போட்டா. பிறகு ஒன்று. சுற்றிப் பார்த்துவிட்டு இன்னொன்று.

“அக்கா, உது ஆருக்கு?”

திடுக்கிட்டுத் திரும்பினா. “பிந்தி வாறதுக்கடி. எல்லாம் ஒரே நேரமே வரும்? எங்கடை வீட்டிலை கடலாலை வாறவைக்கு எப்பவும் ஒரு கோப்பை சோறு மூடிக் கிடக்கும்.”

“நான் காலமையும் போட்டனான்.”

“மூண்டுதானே?”

“மூண்டு. பிறகு ரண்டு.”

அக்கா அந்த விளிம்பிலேயே இருந்துவிட்டா. முதலில் சிரித்தா, நானும் சிரித்தேன். அப்புறம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி ஓர் ஓட்டுத் துண்டைக் கிளப்பினா. கீழே குளிசைகள் ஊதிப்போய், வெள்ளைப் பூஞ்சணம் மூடிக் கிடந்தன. சேற்றைக் கையில் எடுத்து மணந்தா. சிரிப்பு நின்றது.

“பிள்ளை, இது செத்த சேறு. தண்ணியையும் நஞ்சாக்கிப் போடும்.”

அன்றே வாளி வாளியாக இறைத்தோம், பாதி தண்ணீர் மாற்றினோம். பிந்திவிட்டது. அடுத்தநாள் காலையில் நான் போனபோது, ஒருநாளும் மேலே வராத மீசைக்காரர் தண்ணீர் மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். மத்தியானத்துக்குள் மிதந்தார்கள். நாலைந்துதான் தப்பியது.

அடி மீனுக்கு எப்படிப் போடுவது என்று பிறகுதான் படித்தோம். ஒன்று போட்டு, சோறு வேகிற நேரம் பொறுத்து ஓட்டுக்குக் கீழே பார்க்க வேண்டும். மிச்சம் கிடந்தால் நாளைக்கு ஒன்றும் இல்லை. கிழமைக்கு ஒருநாள் பட்டினி. அதற்கு வெள்ளியைப் பிடித்தோம், இரண்டு பேருக்கும் ஒத்துவரும் நாள். படித்தபோது மிஞ்சியது அந்த நாலைந்துதான்.

செத்த அன்று பின்னேரம், அக்காவும் நின்ற நேரம், அண்ணை வந்து தொட்டிக்குள் பார்த்தார்.

“எத்தனை போட்டனியள்?”

றெஜினா அக்கா என் முகத்தைப் பார்த்தா. அவ வாயைத் திறக்க முன்னம் நான் சொன்னேன்.

“மூண்டும் மூண்டும், அண்ணை.”

“அப்ப உங்களிலை பிழையில்லை. என்ரை கைதான் ராசியில்லை.”

அக்கா அன்று போகும்போது என்னோடு கதைக்கவில்லை. அடுத்த மாதம் அண்ணை வத்தளைக்குப் போனார்.

வளவு இப்போது இல்லை. தொட்டிகளை இடித்து மண் போட்டு, கல்யாண மண்டபத்துக்கு வாகனம் விடும் இடமாக்கிவிட்டார்கள். கிணறும் மூடியாயிற்று. றெஜினா அக்கா மகளோடு மன்னாருக்குப் போய், அங்கேயே கண்ணை மூடினா. அண்ணை வத்தளையிலிருந்து வருடத்தில் ஒருக்கால் எனக்குப் போன் எடுப்பார். சுகம் கேட்பார், மழையைக் கேட்பார், கடைசியில், “அந்த மீன் ஏன் செத்தது எண்டு எனக்கு இப்பவும் விளங்கேல்லைப் பிள்ளை,” என்பார். நான், “ஓம் அண்ணை,” என்பேன். அவர் காலமாகி இரண்டு வருடம். இனிப் போன் வராது.

காலையில் நான் ஐந்து. பின்னேரம் அவ ஐந்து.

பத்து.