தங்கக் கலர்

1979 பிப்ரவரி 3, சனிக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். தெருக்குழாயில் நான்கு குடம் தண்ணீர் பிடித்து முடித்தபோது ஆறே கால். எட்டு மணிக்கு இட்லி. எட்டரைக்கு அப்பாவிடம் பதினாறாம் வாய்பாட்டை ஒப்பித்தேன். பதினாறு ஒன்பதில் தடுமாறியதால் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று. அப்பா பெரம்பலூர் தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. பாதி எழுதி மீந்த நோட்டு ஒன்றை என்னிடம் கொடுத்து, அன்றன்று செய்ததை நேரத்தோடு எழுதிவைக்கச் சொல்லியிருந்தார். எனக்கு அப்போது பத்து வயது. ஆகவே இதில் வரும் நேரங்களில் பிழை இருக்காது. மற்றவற்றில் இருக்கலாம்.

பத்து மணிக்குச் சித்தப்பா தன் காரை வாசலில் நிழல் விழும் பக்கமாக நகர்த்தி நிறுத்தினார். அவர் அப்பாவின் தம்பி. எங்கள் வீட்டின் பின்கட்டில் குடியிருந்தார். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நிற்கும் ஏழு வாடகைக் கார்களில் அவருடையதும் ஒன்று. சாம்பல் நிற அம்பாசடர். முதலாளியும் அவரே, டிரைவரும் அவரே. தை மாதத்தில் அந்தக் காரை வீட்டில் பார்க்கவே முடியாது. கல்யாணச் சவாரி ஓயாமல் இருக்கும். அந்த வருடம் தை பிறந்து இருபது நாளாகியும் கார் பெரும்பாலும் வாசலிலேயே நின்றது. எனக்கு அதில் சந்தோஷம்தான். பின் சீட்டில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதலாம்.

கார் ஏன் நிற்கிறது என்பது ஊரில் என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஐப்பசியில் சித்தி மஞ்சள் காமாலை கண்டு திருச்சி ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். கல்யாணத்துக்குப் போகும் காரில் பிணம் ஏற்றக்கூடாது என்பது ஸ்டாண்டில் எழுதாத சட்டம். அதற்கென்று தனி வேன் உண்டு. மழைநாள்; வேன் மறுநாள்தான் கிடைக்கும் என்றார்களாம். சித்தப்பா காத்திருக்கவில்லை. சித்தியைப் பின் சீட்டில் கிடத்தி, தலையை அம்மாவின் மடியில் வைத்து, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, எங்கும் நிறுத்தாமல் ஓட்டிவந்துவிட்டார். பிறகு காரைக் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, பூசணிக்காய் உடைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, செய்யவேண்டியதையெல்லாம் செய்தார். யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. கல்யாணத்துக்கு மட்டும் வேறு கார் பேசிக்கொண்டார்கள். அம்மாவும் அதன் பிறகு அந்தக் காரில் ஏறவில்லை.

இந்த நிலையில்தான் வெள்ளிக்கிழமை அரியலூரிலிருந்து ஒரு தகவல் வந்தது. ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் வீட்டில் பெண்ணுக்குக் கல்யாணம். பெரிய முகூர்த்தமாம், அந்த ஊர்க் கார்களையெல்லாம் மற்றவர்கள் பேசி முடித்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து காரைப் பார்ப்பதாகச் சொல்லியனுப்பியிருந்தார்கள். பெரம்பலூரில் பிணம் ஏற்றிய சாம்பல் நிறக் கார் ஒன்று இருப்பது அவர்கள் காதுவரை எட்டியிருந்தது. ஆனால் ஸ்டாண்டில் சாம்பல் நிறக் கார்கள் மூன்று. எது என்று அவர்களுக்குத் தெரியாது.

"இந்தத் தை போச்சுன்னா வண்டிய வித்துட வேண்டியதுதான்டா" என்றார் அப்பா.

"போவாதுண்ணே. முன்னாடி இருக்குற சின்னம், பின்னாடி இருக்குற எழுத்து, ரெண்டையும் தங்கக் கலர் ஆக்கிட்டா வேற வண்டியாத் தெரியும்."

"நம்பர் மாறாதேடா?"

"கல்யாண வூட்டுக்காரங்க எந்தக் காலத்துலண்ணே நம்பரப் பாத்தாங்க? மூஞ்சியத்தான் பாப்பாங்க."

"அவங்க காரப் பாக்க வர்றாங்களா, பொண்ணு பாக்க வர்றாங்களா?"

சித்தப்பா சிரித்தார். மூன்று மாதத்தில் அதுதான் முதல் தடவை. கல்யாணத்துக்குப் போவதால் கார் தங்க நகை போட்டுக்கொள்ளப் போகிறது என்று நான் புரிந்துகொண்டேன்.

சித்தப்பா பானெட்டைத் தூக்கி உள்பக்கத்து நட்டுகளைக் கழற்றி, உள்ளங்கையளவு சின்னத்தை எடுத்தார். டிக்கியிலிருந்து வண்டியின் பெயர் எழுதிய பட்டையையும் கழற்றினார். இரண்டும் கம்பெனியிலிருந்து வந்தபோது நிக்கல் பூச்சோடு வெள்ளையாகப் பளபளத்தவை. பேப்பரை விரித்து அவற்றை வைத்து, மண்ணெண்ணெய் நனைத்த துணியை என்னிடம் கொடுத்தார்.

"தூசி தும்பு இல்லாமத் தொடச்சு வையி தாயி. நான் போயி பெயிண்டு வாங்கியாரேன்." லாரிகளின் பின்பக்கத்தில் பூவும் பேரும் எழுதும் பெயிண்டர் ஒருவர் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்தார். அவரிடம் போனார்.

நேரம் பத்து நாற்பது. பின்பக்கத்து எழுத்தைப் பத்து நிமிடத்தில் துடைத்துவிட்டேன். முன்சின்னம்தான் படுத்தியது. அதன் இடுக்குகளில் மஞ்சளும் சிவப்புமாக ஏதோ அடுக்கடுக்காகக் காய்ந்து கல்லாகியிருந்தது. அது என்னவென்று எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமைதோறும் காலையில் சித்தி வைத்த சந்தனமும் குங்குமமும். ஆனால் பெயிண்ட் அடிக்க வேண்டிய இடத்தில் இருந்தால் அதுவும் அழுக்குத்தானே. துணிக்கு மசியாததால், பாவாடையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றிச் சுரண்டினேன். கடைசித் துணுக்கை எடுத்தபோது பதினொன்றரை. சின்னம் கடையில் வாங்கிய புதுப் பாத்திரம்போல இருந்தது.

சித்தப்பா பெயிண்ட் டப்பாவோடு வந்து பார்த்தார். பாராட்டுவார் என்று நின்றேன்.

"இதுல இருந்ததெல்லாம் எங்க தாயி?"

"சுரண்டிட்டேன் சித்தப்பா. இடுக்குல ஒண்ணு விடல." பேப்பரில் உதிர்ந்து கிடந்த பொடியைக் காட்டினேன்.

அவர் டப்பாவைக் கீழே வைத்தார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து அந்தப் பொடியைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு பேப்பரின் அந்த மூலையை மட்டும் கிழித்து, பொடி சிந்தாமல் நாலாக மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வாசலில் குப்பை சேர்ந்தால் அம்மா திட்டுவாள் என்று பயப்படுகிறார் என நினைத்தேன்.

ஒரு பூச்சு அடித்து வெயிலில் வைத்தார். ஐந்து மணிக்கு இரண்டையும் காரில் திரும்ப மாட்டியபோது எனக்கு அது வேறு கார்தான். நோட்டில் எழுதியிருக்கிறேன்: "கார் புதுசு ஆகிவிட்டது. நானும் வேலை செய்தேன்."

ஞாயிற்றுக்கிழமை பத்து இருபதுக்கு அரியலூர்க்காரர்கள் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். ஜவுளிக்கடைக்காரரும் அவருடைய அக்காவும். அந்த அம்மாளின் கைப்பையில் வெற்றிலை பாக்கு தயாராக இருந்தது. பேச்சு முடிந்தால் வைத்துக் கொடுக்க.

ஜவுளிக்கடைக்காரர் காரை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். "நல்லா மின்னுதுங்க. அங்க ஏதேதோ சொன்னாங்க. இது அந்த வண்டி இல்லையே?"

"பாத்தா அப்படியாங்க தெரியுது?" என்றார் சித்தப்பா. சித்தப்பா பொய் சொல்லிப் பழகாதவர். அதையே பாதிக்குமேல் சொல்ல முடியாமல், எத்தனை மணிக்குக் கார் வரவேண்டும் என்ற பேச்சுக்குத் தாவினார். அப்பாவும் சேர்ந்துகொண்டார். ஆண்கள் மூவரும் டிக்கிப் பக்கம் நின்றார்கள். அக்கா முன்பக்கம் பானெட்டில் கைவைத்து நின்றார். அவர் பக்கத்தில் நான்.

"ஜோராத்தான் இருக்கு. ஒரு பொட்டக்கூடக் காணமே பாப்பா. ஒங்க வூட்டுல வண்டிக்குப் பொட்டு வைக்கப் பொம்பளைங்க இல்லையா?"

"சித்திதான் வைப்பாங்க. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம."

"முந்தாநாளு வெள்ளிதானடி? எங்க ஒஞ் சித்தி?"

"அவங்க செத்துப் போயிட்டாங்க. திருச்சிலேருந்து இந்தக் கார்லதான் கொண்டாந்தாங்க. சித்தப்பாவே ஓட்டிக்கிட்டு வந்தாரு. எங்கயுமே நிறுத்தல."

கடைசியில் சொன்னதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அந்த மழையில் அப்படி ஓட்டிவந்தது பெரிய காரியம் என்று அப்பா ஒருநாள் அம்மாவிடம் சொன்னதைக் கேட்டிருந்தேன்.

அந்த அம்மாள் பானெட்டிலிருந்து கையை எடுத்தார். கைப்பையின் வாயைச் சுருக்கிக் கட்டினார். "தம்பி, வா. பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார். போகும்போது சித்தப்பாவின் எதிரே ஒரு நிமிடம் நின்றார்.

"ஒம்மேல ஒரு தப்பும் இல்லப்பா. கட்டுன பொண்டாட்டிய ஆஸ்பத்திரியில போட்டுட்டு வருவாங்களா? ஆனா எங்க வூட்டுப் பொண்ணு மொத மொத ஏறுற வண்டி. மனசு கேக்காது."

"சரிங்கம்மா" என்றார் சித்தப்பா.

அம்மா கலந்து வைத்த காப்பி உள்ளேயே ஆறியது. யாரும் என்னைத் திட்டவில்லை. ஏன் சொன்னாய் என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்கும். நோட்டில் நான் எழுதியது இது: "10.55க்குப் போய்விட்டார்கள். தங்கக் கலர் அவர்களுக்குப் பிடிக்கவில்லை."

அன்று சாயங்காலம் அப்பாவும் சித்தப்பாவும் பின்கட்டில் வெகுநேரம் பேசினார்கள். வேப்பந்தட்டையில் ஒருவர் பழைய கார் தேடிக்கொண்டிருந்தார். அவருக்குச் சொல்லியனுப்புவதென்று முடிவாயிற்று. காய்கறி மூட்டை ஏற்றுவதற்குத்தான் அவருக்குக் கார். அதில் யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று அவர் கேட்கப்போவதில்லை.

பிப்ரவரி 5, திங்கட்கிழமை, ஐந்தரை. நான் குடத்தோடு வாசலுக்கு வந்தபோது சித்தப்பா எனக்கு முன்பே எழுந்திருந்தார். சின்னமும் எழுத்தும் மறுபடி கழற்றப்பட்டு, பேப்பரில் கிடந்தன. மண்ணெண்ணெய்த் துணியால் தங்கத்தைத் தேய்த்துத் தேய்த்து எடுத்துக்கொண்டிருந்தார். அடியிலிருந்து பழைய வெள்ளை தெரியத் தொடங்கியிருந்தது.

"தண்ணி அப்பறம் புடிக்கலாம் தாயி. அந்த ஊக்க எடு. வாங்க வர்றவருக்கு, கம்பெனியில குடுத்த மாதிரியே குடுத்துடணும். இடுக்கெல்லாம் நீதான் நல்லா எடுப்ப."

பாராட்டு இரண்டு நாள் தாமதமாகக் கிடைத்தது. உட்கார்ந்து சுரண்டினேன். தங்கத் தூள் பேப்பரில் உதிர்ந்தது. ஒன்று விடாமல் எடுத்து முடித்ததும், அவர் அன்று செய்ததைப் போலவே பேப்பரின் மூலையைக் கிழித்து, சிந்தாமல் நாலாக மடித்து, அவரிடம் நீட்டினேன்.

"இது என்னாத்துக்கு? குப்ப. கொண்டுபோயிக் கொட்டிடு."

சனிக்கிழமை போட்டிருந்த அதே சட்டையைத்தான் போட்டிருந்தார். அன்றைய காகித மடிப்பு பைக்கு மேலே துருத்திக்கொண்டு தெரிந்தது. இரண்டும் ஒரே சின்னத்திலிருந்து நான் சுரண்டியதுதானே, இது மட்டும் எப்படிக் குப்பையாகும் என்று கேட்க நினைத்தேன். மணி ஆறாகிவிட்டது, குழாயில் தண்ணீர் நின்றுவிடும். தெருமுனையில் அதைக் கொட்டிவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன்.