முதல் டிகாஷன் யாருக்கு?

காப்பிப்பொடி விற்கும் இடத்தில் காப்பியைப் பற்றிய உண்மையைச் சொல்லக் கூடாது என்பது தெரியாமலே அந்த வேலையில் சேர்ந்தேன். பேசவே கூசிக்கொண்டு, பேசியே பிழைக்க வேண்டிய வேலையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு என் நிலை புரியும். ரசாயனத்தில் பி.எஸ்ஸி. முடித்திருந்த என்னை, காப்பி போடும் விதத்தை விளக்குவதற்காக ஸ்ரீரங்கத்துக் கடை ஒன்றில் வைத்துக்கொண்டார்கள். ஒரு மாதத்தில் விற்பனை ஏற வேண்டும்; இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்றார் முதலாளி.

நிறம்

லால்குடியிலிருந்து ஒரு விவசாயி வந்தார். தூக்கம் வரவில்லையாம். "கறுப்பா இறங்காத பொடியாக் கொடுங்க" என்றார். கறுப்பு சிக்கரியால் வருவது, சிக்கரியில் காஃபினே கிடையாது, வெளுப்பாக இறங்கும் சுத்தக் காப்பியில்தான் அதிகம் என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். சிக்கரி கலந்த பொடியையே வாங்கி மடியில் கட்டிக்கொண்டார்.

"மாடு வாங்கத்தான் நிறம் பார்க்கக் கூடாதுன்னு நினைச்சிருந்தேம்மா."

ஞாயிற்றுக்கிழமைக் காப்பி

ஒரு பள்ளிக்கூட ஆசிரியைக்குக் ஞாயிற்றுக்கிழமை மாதாகோயில் பிரசங்கத்தில் கண் சொக்குகிறதாம். யாருக்கும் கேட்காமல் கேட்டார். நானும் என் வழக்கப்படி யாருக்கும் கேட்காமல் பதில் சொன்னேன். ஃபில்டர் வேண்டாம், பொடியைத் தண்ணீரிலேயே போட்டு நன்றாகக் கொதிக்க வைத்து வடிகட்டுங்கள், கசக்கும், ஆனால் காஃபின் முழுக்க இறங்கிவிடும் என்று.

அடுத்த வாரம் வந்தார். "முதல் தடவையா பிரசங்கம் முழுசும் கேட்டேங்க. இனிமே ஃபில்டரே போதும்."

படபடப்பு

வடக்குச் சித்திரை வீதி மாமி மருமகளோடு வந்தார். "நெஞ்சு படபடங்கறது, காப்பியைக் குறைன்னுட்டார் டாக்டர். என்னடிம்மா பண்றது?"

"காஃபின் முக்கால்வாசி முதல் டிகாஷன்லயே இறங்கிடும் மாமி. நீங்க ரெண்டாவதைச் சாப்பிடுங்க."

கல்யாணமானதிலிருந்து இரண்டாவதையே குடித்துவந்த மருமகள் சிரிக்கவில்லை. பையை மட்டும் கை மாற்றிக்கொண்டாள். முதல் டிகாஷன் மருமகளுக்குப் போய்விட, நாலாம் நாள் மாமி நேரே முதலாளியிடம் போனார்.

"இந்தப் பொண்ணு இங்கே நிக்கற வரைக்கும் எங்காத்துக்கு உங்க பொடி வேண்டாம்."

கடைசி நாள்

மாதக் கடைசியில், "நாளையிலிருந்து வர வேண்டாம்மா" என்றார் முதலாளி. நான் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டிருந்தபோது மாமி வந்தார்.

"அரைக் கிலோ போடுங்கோ, இனிமே கால் கிலோ பத்தாது. வேற கடைப் பொடி வாயில வைக்க வழியில்லை. ரெண்டாம் டிகாஷனை அவளும் தொடமாட்டேங்கறா, என்னாலயும் முடியலை. இப்போ ஆளுக்கொரு ஃபில்டர். எங்க வீதி பூரா இதே கதைதான்."

முதலாளி தராசையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏம்மா, அந்த ரெண்டாம் டிகாஷன் விஷயத்தை உறையூர்ப் பக்கமும் போய்ச் சொல்லிட்டு வர முடியுமா?"

ஆக, என் வேலையும் நிலைத்தது, மாமியின் படபடப்பும் நிலைத்தது.