ஊமையாக்கிய வரி

பக்கீர் முகமது கைக்குப் போன பொருள் அரைகுறையாகத் திரும்பி வராது என்று ராஜபாளையத்தில் பேர். எண்பதுகளில் டிவி பெட்டி பழுது பார்த்தவர். பிறகு ஒரு நூல் மில் அலுவலகத்தில் யூனிக்ஸ் ஓடிய கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டித் தானாகவே தொழிலைப் படித்துக்கொண்டார். எதை மாற்றினாலும் பழைய வரியை அழிக்க மாட்டார். முன்னால் # என்ற ஹேஷ் குறி போட்டு ஊமையாக்கி வைப்பார். மெஷின் அந்த வரியைப் படிக்காமல் தாண்டிவிடும். குறியை எடுத்தால் வரிக்கு உயிர் வந்துவிடும்.

தொண்ணூற்றொன்பதில் ஒரு புதன்கிழமை, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வஞ்சுளவல்லி அவர் கடைக்கு ஒரு லேப்டாப்போடு வந்தாள். பெங்களூரில் லினக்ஸ் வேலை பார்த்து, காய்ச்சலில் இறந்துபோன அவள் கணவன் யதிராஜனுடையது.

"நம்மூர்த் திருவண்ணாமலைப் பெருமாள் கோயில் படிக்கட்டுல நாங்க ரெண்டு பேரும் நிக்கற படம் பாய். ஆனா ஸ்கிரீன்ல ஒருத்தர்தான் தெரியறோம். நான் தெரியறச்சே தானா நகர்ந்து அவர் வந்துடறார். வெள்ளிக்கிழமை வருஷத் திதி. அதுக்குள்ள ரெண்டு பேரையும் ஒண்ணாப் பாக்கணும்."

"பிரிண்ட் போட்டுத் தாரேம்மா."

"வேண்டாம். அவர் வெச்ச எடத்துலயே பாக்கணும்."

சாப்பாடு கொண்டுவந்த பக்கீர் மனைவி ஹாஜரா எட்டிப் பார்த்தாள். யாரும் தொடவில்லை. திரையில் வஞ்சுளவல்லி மெல்ல இடப்பக்கம் ஒதுங்கி மறைய, வலப்பக்கமிருந்து யதிராஜன் வந்து நின்றான்.

"யா அல்லா! மவுத்தாப் போனவர் பொட்டியவா கடைக்குள்ள வச்சிருக்கிய? யாரு இழுக்கா அத?"

"ஏட்டி, சும்மா கெட. மவுஸ் பொத்தான் பழுது, அம்புக்குறி தன்னால ஓடுது. படம் பெருசு, திரை அளவு சின்னதா வச்சிருக்கு. அம்பு ஓரத்துக்குப் போனா படமும் பொறத்தாலயே நகரும். அம்புட்டுதான்."

ஹாஜரா போனபின் அமைப்புக் கோப்பைத் திறந்தார். திரை அளவு 640க்கு 480 என்று இருந்தது. அதற்கு மேலேயே சரியான வரி, 800க்கு 600. முன்னால் ஹேஷ் குறி. தன்னைப்போலவே ஒரு ஆள் என்று நினைத்துக்கொண்டார். வரியின் கடைசியில் இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக ஒரு குறிப்பு: 'ஒண்ணா வேண்டாம். அவ இருக்கட்டும்.' பக்கத்தில் தேதி.

"அவரு தவறுனது என்னைக்கும்மா?"

சொன்னாள். குறிப்பு அதற்கு முந்தின நாள் எழுதியது.

அடுத்த கடை ஸ்டுடியோ. செத்தவருக்கு மாலை போடுவதற்கென்று ஜோடிப் படத்தைக் கொண்டுவருவார்கள். உயிரோடு இருப்பவரை வெட்டி எடுத்த பிறகுதான் அங்கே சட்டம் போடுவார்கள். மாலைக்குள் உயிரோடு இருக்கிற ஆள் நிற்கக்கூடாது. பக்கீர் கை கொஞ்சம் தயங்கியது. கைக்கு வந்த பொருளை அரைகுறையாகத் திருப்புவதா? குறியை எடுத்துவிட்டுத் திரையை மறுபடி எழுப்பினார்.

முழுப் படமும் வந்தது. இருவரும் ஒன்றாக, ஓரம்வரை. நகர இடமே இல்லை.

வஞ்சுளவல்லி வாயைப் பொத்திக்கொண்டாள். "ஒரு வருஷமாச்சு பாய்…"

இடது ஓரத்தில் நூல் அளவுக்கு ஒரு கறுப்பு விழுந்தது. பிறகு விரல் அகலம். அது அவள் முந்தானையை மூடி, தோளுக்கு வந்தது. யதிராஜன் பக்கம் பளிச்சென்று இருந்தது. பக்கீர் இத்தனை வருஷத் தொழிலில் எத்தனையோ திரை சாகப் பார்த்தவர். இப்படி ஆள் பார்த்துச் செத்த திரை இல்லை. கறுப்பு கழுத்துக்கு ஏறுவதற்குள் ஹேஷ் குறியைத் திரும்பப் போட்டுத் திரையை எழுப்பினார்.

கறுப்பு போய்விட்டது. திரையில் யதிராஜன் மட்டும்.

"ஏன் பாய் மாத்திட்டேள்?"

"ஒருத்தர் மாத்தி ஒருத்தரா பாத்துக்கிடுங்கம்மா. அவிய அப்படித்தான் வச்சிருக்காவ."

அதற்குமேல் அவர் சொல்லவில்லை. முதல்முறையாக ஒரு பொருளைச் சரியாக்காமல் திருப்பித் தர, மூடியில் கை வைத்தார்.

அதுவரை இடப்பக்கமே ஓடிய படம், இப்போது வலப்பக்கம் நகர்ந்தது. யதிராஜன் மெல்ல ஒதுங்கி மறைந்தான். வஞ்சுளவல்லி வந்து நடுவில் நின்றாள்.

படம் பிறகு நகரவே இல்லை.